சூலியா தெருவில் வைத்த பை

பினாங்கு பட்டணத்தில் கையில் பையோடு நடக்கிறவன் ஒன்று திருடன், இல்லாவிட்டால் திருட்டுக் கொடுக்கப் போகிறவன் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். முச்சந்திக்கு முச்சந்தி ஒரு சிப்பாய் நிற்பான். அவன் முன்னால் இடுப்பு வரை குனிய வேண்டும். குனிந்தது போதவில்லை என்றால் கன்னத்தில் ஒன்று விழும். கையில் பை இருந்துவிட்டாலோ, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் அதைக் குத்திக் கிளறுவான். உள்ளே அரிசி இருந்தால் கடத்தல். துணி இருந்தால் அது அவனுக்கு. ஒன்றுமே இல்லாவிட்டால், ஏன் ஒன்றுமே இல்லை என்று விசாரணை. ஆகவே பிறை என்ற ஊரில் ஃபெர்ரி ஏறி வருகிற அக்கரைச் சனங்கள் இங்கே இறங்கியதும் சந்து பொந்துகளில் நுழைந்து, பையை நம்பகமான ஓர் இடத்தில் வைத்துவிட்டு, கைவீசி நடந்துதான் பட்டணத்தில் தங்கள் காரியத்தைப் பார்த்தார்கள்.

நம்பகமான இடம் என்றால் சூலியா தெரு மீரா சாகிப் கடை. சண்டைக்கு முன்னால் அங்கே ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிட வரிசையில் நிற்பார்கள். இப்போது அவித்த மரவள்ளிக்கிழங்கும் சீனியில்லாத கறுப்புக் கோப்பியும்தான். அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த பின்கட்டு காலியாகக் கிடந்தது. அங்கேதான் மனுஷர் ஊரார் பைகளை வாங்கி அடுக்கி வைத்திருந்தார். போகும்போது ஒரு கோப்பியைக் குடித்துவிட்டுப் போனால் போதும் என்பார்.

புக்கிட் மெர்தாஜாமில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த கதிர்காமநாதன் அன்று காலை அந்தக் கடைக்குள் ஒரு பச்சைக் கான்வாஸ் பையோடு நுழைந்தார். அவர் மனைவி கமலாம்பிகை உள்ளே வரவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் வாசலில் ஒதுங்கி நின்றாள். யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் பிறந்து, கறி வெந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் வளர்ந்தவள். அந்தக் கடையில் கறி வெந்தே இரண்டு வருஷம் ஆகிறது, சுவருக்குக்கூட அதன் வாசம் மறந்திருக்கும். ஆனாலும் ஆசாரம் ஆசாரம்தானே! வயிறு காய்ந்தாலும் அது மட்டும் காயாது.

பைக்குள் இருந்தவை அவளுடைய கூறைச் சேலையும் இன்னொரு பட்டும். கட்டியிருந்த நூல் சேலை ஒட்டுப் போட இடமில்லாமல் போய்விட்டது. மகளுக்கு ஜன்னல் திரையை வெட்டிச் சட்டை தைத்துப் போட்டாயிற்று. சூலியா தெருவின் பின்சந்தில் ஒரு துணிக்காரன் இருந்தான். பட்டைக் கொடுத்தால் நூல் சேலை தருவான், அந்தப் பட்டு ஜப்பான் அதிகாரிகளின் வைப்பாட்டிகளுக்குப் போகும். கல்யாணத்துக்குக் கட்டியதைக் கொடுத்து மானத்தை மறைக்க ஒன்று வாங்குகிற காலம் அது.

கதிர்காமநாதன் வெளியே வந்தபோது மேலே கோட் இல்லை. வெறும் சட்டையோடு நின்றார்.

"இஞ்சேருங்கோ, கோட்டை ஏன் கழட்டினியள்?"

"கோட்டோட போனா ரயில்வேக் கிளாக்கரெண்டு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி. கவர்மெண்ட் ஆள் கள்ளச் சந்தைக்குப் போறானெண்டு எவனும் கெம்பெத்தாய்ப் பொலிசிட்ட ஓதிவிட்டா என்ர தலை போகும். கோட் பைக்குள்ள கிடக்கட்டும்."

"பாஸ்?"

"அதுவும் கோட்டுக்குள்ளதான். பாசைக் கண்டா துணிக்காரன் கதவைச் சாத்திப்போடுவான்."

அந்தப் பாஸைத்தான் ஃபெர்ரித்துறையில் நின்ற போலீஸ்காரர் பார்த்துவிட்டு, பையைத் திறக்கச் சொல்லாமல் விட்டார். கையகலத் துணி. அதில் ஜப்பான் முத்திரை, ரயில்வே என்ற சொல், அவர் பெயர். படம் கிடையாது. இந்த மனிதன் நமக்கு வேண்டியவன், இவன் மேல் கை வைக்காதே என்பது அதன் அர்த்தம். அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு நடப்பது புத்திசாலித்தனம் என்று கதிர்காமநாதன் நினைத்தார். குமாஸ்தா புத்தி அப்படித்தான். வருகிற ஆபத்தை விட்டுவிட்டு, வரக்கூடிய ஆபத்துக்குத் தாழ்ப்பாள் போடும்.

துணிக்காரன் கதவிடுக்கில் முகத்தை மட்டும் காட்டினான். காலையில் கெம்பெத்தாய் அந்தப் பக்கம் சுற்றுகிறது, மத்தியானத் தொழுகைக்குப் பிறகு சரக்கோடு வாருங்கள் என்றான். கதவு மூடிக்கொண்டது.

ஆக, அரை நாள் சும்மா கிடந்தது. கையிலும் ஒன்றுமில்லை. கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே கதிர்காமநாதன் பினாங்கைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் லீவு இல்லை, பிறகு பிள்ளை பிறந்தது, பிறகு குண்டு விழுந்தது. இன்றைக்குத்தான் அந்த வாக்கு நிறைவேற நேரம் வாய்த்தது.

குண்டில் இடிந்த கட்டடங்களைச் சுற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். மணிக்கூண்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"இதுதானோ நீங்கள் சொன்ன மணிக்கூண்டு? இது விழப்போகுதே!"

"குண்டு விழுந்து சரிஞ்சது. ஆனா மணி சரியாக் காட்டும்."

"எந்த மணி? ஜப்பான் மணியோ எங்கட மணியோ?"

கதிர்காமநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். நாட்டில் கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்தார்கள், அதைக் கேலி செய்வதும் குற்றம்தான். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டு வெகுகாலமாகிறது. கடல் சுவரோரமாக நடந்தார்கள். வழக்கமாக அவர் முன்னால் போவார், அவள் இரண்டு எட்டுப் பின்னால் வருவாள். அன்றைக்குப் பக்கத்தில் நடந்தாள். கையில் சுமை இல்லாவிட்டால் மனிதருக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிடுகிறது. மாரியம்மன் கோயிலில் வெளியே நின்று கும்பிட்டார்கள். பிறகு பினாங்கு ரோட்டுக்கு வந்தார்கள். அங்கேதான் தமுக்குச் சத்தம் கேட்டது.

தமிழ் ஆள் ஒருவன் தமுக்கடித்துக் கத்திக்கொண்டு வந்தான். இந்தியர்களுக்கெல்லாம் இலவசப் படம். படம் பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று கெஜம் துணி. இப்போதே, அந்தக் கொட்டகையில்.

துணி என்ற சொல் காதில் விழுந்ததும் கமலாம்பிகை நின்றுவிட்டாள்.

"சும்மா தருவாங்களோ?" என்றார் கதிர்காமநாதன்.

"கேட்டுப் பாக்கிறதில என்ன? ரெண்டு பேருக்கும் கிடைச்சா என்ர கூறையைக் குடுக்கத் தேவையில்லை."

அவர் தயங்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். காலை முழுக்கச் சிரித்திருந்த முகம். சரி, வா என்றார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். எந்த மடையன் சொன்னானோ! ஜப்பான்காரன் கொடுத்தால் பல்லை மட்டுமா, குடலையே பார்த்திருக்க வேண்டும்.

கொட்டகையில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். பெண்களை மாடிக்கு அனுப்பினார்கள். படத்தில் சிப்பாய்கள் அணிவகுத்துப் போனார்கள், ஒரு மலை வந்தது, பூ பூத்தது, மறுபடி சிப்பாய்கள் போனார்கள். பாதியில் படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. பெண்கள் எல்லோரும் பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் போகச் சொன்னார்கள். துணியைப் பற்றி யாரும் பேசவில்லை.

தெருவுக்கு வந்த பிறகுதான் முன்கதவுகள் வெளிப்பக்கமாகப் பூட்டியிருப்பதைக் கமலாம்பிகை பார்த்தாள். கதவுக்கு முன்னால் சிப்பாய்கள் நின்றார்கள். ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள்.

"சயாமுக்குக் கொண்டு போறானுங்க! ஐயோ, சயாமுக்கு!"

அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சயாமில் காட்டை வெட்டி ஜப்பான்காரன் ரயில் பாதை போடுகிறான். சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கூலி லயன் லயனாக ஆண்களை அள்ளிக்கொண்டு போயிருந்தான். போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பி வரவில்லை. கடிதம்கூட வரவில்லை.

கமலாம்பிகை பூட்டிய கதவையே பார்த்தாள். துணி துணி என்று பறந்தது நான்தானே, அவர் வேண்டாம் என்றுதானே நின்றார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போது கதவு கொஞ்சம் திறந்து ஓர் ஆளை வெளியே விட்டார்கள். தபால் ஆபீஸ் உடுப்பில் இருந்தான். கையில் பாஸை உயர்த்திப் பிடித்திருந்தான். சிப்பாய் அதைப் பார்த்துத் தலையாட்டினான். அந்த ஆள் தெருவைக் குறுக்கே கடந்து, திரும்பிப் பாராமல் ஓடியே போய்விட்டான்.

"கமலம்! கமலம்!"

கொட்டகையின் பக்கச் சந்தில், கம்பி போட்ட ஜன்னலில் கதிர்காமநாதனின் முகம் தெரிந்தது. பின்னால் பல கைகள் அவரைத் தள்ளிக்கொண்டிருந்தன.

"கோட்! சூலியா தெருப் பைக்குள்ள கோட்! பாசைக் கொண்டு ஓடி வா. லொறி வர முதல் வா. பாஸ் இருக்கிறவனை விடுறாங்கள். ஓடு!"

முகம் மறைந்துவிட்டது. அவள் ஓடினாள். பகல் வெயிலில், பட்டணத்து நடுத்தெருவில், ஒரு குமாஸ்தாவின் பெண்சாதி முந்தானை பறக்க ஓடினாள். முச்சந்திச் சிப்பாய் அதட்டியபோது நின்று குனிந்தாள், மறுபடி ஓடினாள்.

காலையில் மிதிக்காத வாசலை இப்போது மிதித்தாள். மிதித்ததே அவளுக்குத் தெரியாது.

மீரா சாகிப் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பெருத்திருந்த மனிதர். இப்போது சட்டை மட்டும் பெரிதாக இருந்தது.

"அண்ணே, பையைத் தாங்கோ! காலமை வச்ச பை. கெதியாத் தாங்கோ!"

"இரு தங்கச்சி, மூச்சு விடு. யாரு வச்ச பை?"

"எங்கட வீட்டுக்காரர். படக்கொட்டகையில பிடிச்சு அடைச்சிட்டாங்கள். சயாமுக்கு ஏத்தப் போறாங்கள். அவற்ற பாஸ் பைக்குள்ள இருக்கு. அதைக் காட்டினா விட்டிடுவாங்கள் அண்ணே."

மீரா சாகிப் எழுந்து நின்றார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

"காலையில உன்னை நான் பாக்கலியே."

"நான் எதிர்ப்பக்கத்தில நிண்டனான்."

"உள்ள வந்திருந்தா முகத்தைப் பாத்து வச்சிருப்பேனே தங்கச்சி. ஏன் வரல?"

அதற்கு அவள் என்ன சொல்வாள்? உங்கள் கடை வாசல் எங்களுக்குத் தீட்டு என்றா? தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் புரிந்தது. அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை.

"சரி, அது கிடக்கட்டும்லா. நான் சொல்றதைக் கேளு. இதெல்லாம் அமானிதம். அடுத்தவன் நம்பிக் குடுத்த பொருள். நான் எதையும் திறக்க மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வச்ச கை வந்து எடுக்கணும். இல்லன்னா வச்சவரு பேரைச் சொல்லணும். முன்ன ஒருத்தன் வந்து அழுதான், அண்ணன் பையின்னான். நம்பிக் குடுத்தேன். பைக்குச் சொந்தக்காரன் கெம்பெத்தாய்க்கு வேண்டியவன்." வலது கையை நீட்டிக் காட்டினார். இரண்டு விரல்களில் நகம் இல்லை. "எனக்கும் புள்ளைங்க இருக்கு. பேரை மட்டும் சொல்லு, இந்தா எடுத்துத் தர்றேன்."

பேர். இவ்வளவுதானா என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். கமலாம்பிகை வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தாலி ஏறிய நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமானால் இஞ்சேருங்கோ. மற்றவர்களிடம் பேசும்போது பிள்ளையின்ர அப்பா, எங்கட வீட்டுக்காரர். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் மகளை முன்னால் தள்ளிவிடுவாள், பிள்ளை சொல்லும். கட்டிய புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவளுக்கு நெருப்புச் சுடும் என்பதைப் போலத் தெரிந்த விஷயம். யாரும் அதை விளக்கியதில்லை, அவளும் கேட்டதில்லை. மற்ற நாளிலேயே சொல்லாதவள், எமன் லாரியோடு வாசலில் நிற்கிற இன்றைக்கு எப்படிச் சொல்லுவாள்? அவர் உயிரைக் காப்பாற்ற வந்தவள், தன் வாயாலேயே அதைக் குறைக்கவா?

"எழுதித் தாறன் அண்ணே. ஒரு பென்சில் தாங்கோ."

"எனக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராதும்மா. அரபு எழுத்து மட்டும்தான் படிச்சேன். வாயால சொல்லு."

"அவர் ரயில்வேயில கிளாக்கர். புக்கிட் மெர்தாஜாமில..."

"பேரு, தங்கச்சி."

"பிள்ளைக்கு ஆறு வயசு அண்ணே. அண்ணே, உங்களைக் கும்பிடுறன்."

பினாங்கு ரோட்டுப் பக்கமிருந்து லாரி ஒன்றின் ஹாரன் கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. கமலாம்பிகை தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள்.

"கதிர்காமநாதன்," என்றாள்.

சத்தம் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். "கதிர்காமநாதன். அவற்ற பேர் கதிர்காமநாதன்." சொல்லக் கூடாததைச் சொல்லியாயிற்று, இனிப் பை வந்துவிடும் என்று கண்ணைத் திறந்தாள்.

மீரா சாகிப் அசையாமல் நின்றார்.

"அந்தப் பேர்ல எங்கிட்ட பை இல்லியே, தங்கச்சி."

அவள் அவரைத் தாண்டிப் பின்கட்டுப் பக்கம் கையை நீட்டினாள்.

"இருக்கு அண்ணே. அந்தா தெரியுது, அந்தப் பச்சைப் பை!"

அவர் திரும்பிப் பார்த்தார். "அது தங்கராஜுன்னு ஒருத்தரு வச்சதும்மா."

கமலாம்பிகை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கோட்டைக் கழற்றிய மனுஷர் பெயரையும் கழற்றி வைத்திருக்கிறார். கள்ளச் சந்தைக்குப் போகிற குமாஸ்தா தன் சொந்தப் பெயரை எங்கே கொடுப்பார்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். இவரோ வெண்ணெயை அடுத்தவன் பெயரில் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வாயைத் திறந்து சொன்ன பாவம்தான் மிச்சம். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

மீரா சாகிப் நகமில்லாத விரல்களால் தாடியைத் தடவினார்.

"எங்க வீட்டுலயும் என் பேரைச் சொல்ல மாட்டா," என்றார். "ரேஷன்காரன் கேட்டா பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டியாந்து சொல்ல வைப்பா. பொய்க்காரியா இருந்தா பேரை வாய் கூசாமச் சொல்லியிருப்பே. இப்படிச் செத்துச் செத்துச் சொல்ல மாட்டே."

உள்ளே போனார். பச்சைப் பையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"தப்பா இருந்தா அல்லா என்னை மன்னிக்கட்டும். ஓடு."

அவள் கோட்டை மட்டும் உருவி எடுத்தாள். உள்பையில் பாஸ் இருந்தது. கூறைச் சேலை பையோடு அங்கேயே கிடந்தது. அதை அவள் நினைக்கவே இல்லை.

பினாங்கு ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது லாரிகள் வரிசையாக நின்றன. கொட்டகையிலிருந்து ஆண்களை இறக்கி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். சயாமுக்குப் போகிற லாரிகள் திறந்த லாரிகள். எல்லாவற்றுக்கும் கடைசியில், கறுப்புக் கித்தான் மூடிய ஒரு சின்ன லாரி தனியாக நின்றது. அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வரிசையில் இரண்டாவது லாரிக்குப் பக்கத்தில் தன் புருஷனின் பிடரியைக் கண்டாள். எத்தனை ஆயிரம் பேரிலும் அது அவளுக்குத் தெரியும்.

"கதிர்காமநாதன்!" என்று கத்தினாள். ஒரு தரம் சொல்லிவிட்ட பெயர்தானே, இனி என்ன! தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? "கதிர்காமநாதன்! பாஸ் கொண்டு வந்திட்டன்!"

அவர் திரும்பவில்லை.

என் குரலில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லையே, அதனால்தான் விளங்கவில்லை என்று அவள் நினைத்தாள். இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். வரிசையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் முன்னால் நின்றவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கையில் வெள்ளைப் பட்டி கட்டிய தமிழ் துபாஷி ஒருவன் வந்தான். பாஸை அவள் கையிலிருந்து பிடுங்கினான். முத்திரையைப் பார்த்தான்.

"கதிர்காமநாதன்! ரயில்வே! யாரு இங்க கதிர்காமநாதன்?"

யாரும் முன்னே வரவில்லை. அப்போது அவள் பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவள் கையைக் கிள்ளினாள்.

"பேசாம இரு அக்கா," என்று காதோடு சொன்னாள். "இப்பத்தான் ஒரு ஆளு இப்படி மாட்டினான். துணி தர்றதுன்னு ஆம்பளைங்க வாசல்ல எல்லாருக்கும் பேரைக் கேட்டு எழுதிச் சட்டையில குத்தியிருக்கானுங்க. அந்த ஆளு சட்டையில ஒரு பேரு, அவங்க ஆத்தா கொண்டாந்த பாஸ்ல இன்னொரு பேரு. ரெண்டு பேரு இருந்தா ஒற்றனாம். அடிச்சுக் கறுப்பு லாரியில போட்டுட்டானுங்க. சயாமுக்குப் போனாலாச்சும் உசிரு கொஞ்ச நாள் கிடக்கும். அந்த லாரியில ஏறினா..."

கறுப்புக் கித்தானுக்கு அடியில் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அது அசையவில்லை.

கமலாம்பிகை தன் புருஷனைப் பார்த்தாள். இப்போது அவர் பக்கவாட்டில் திரும்பியிருந்தார். சட்டையில், நெஞ்சுக்கு நேரே, ஒரு துணித்துண்டு குத்தியிருந்தது. அதில் கறுப்பு மையில் தங்கராஜு என்று எழுதியிருந்தது. ஜன்னலில் நின்று பாஸைக் கொண்டு வா என்று கத்தியபோது அது அவருக்கு உறைக்கவில்லை. கறுப்பு லாரிக்கு ஆளை இழுத்துப் போனதைப் பார்த்த பிறகுதான் உறைத்திருக்கிறது.

துபாஷி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டான். நேரே போய்க் கதிர்காமநாதன் முன்னால் நின்றான்.

"இந்தப் பொம்பளை உன்னையா கூப்பிடுது?"

கதிர்காமநாதன் அவளைப் பார்த்தார். காலையில் மணிக்கூண்டடியில் அவளோடு சிரித்த அதே முகம்தான்.

"இல்லீங்க சார். இவங்க யாருன்னே தெரியாது. நான் தங்கராஜுங்க. ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டுறேன்."

யாழ்ப்பாணப் பேச்சைக்கூட விட்டுவிட்டார். வேறு யாரோ ஒருவனுடைய குரல்.

துபாஷி அவள் பக்கம் திரும்பினான். அவனுக்குப் பின்னால் ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்து நின்றான்.

"நீ சொல்லு. உன் புருஷன் இவன்தானே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்ற ஒரு சொல்லில் அவர் கறுப்பு லாரிக்குப் போவார். இல்லை என்ற ஒரு சொல்லில் சயாமுக்குப் போவார். வீட்டுக்குக் கூட்டிப் போகிற சொல் ஒன்று எங்குமே இருக்கவில்லை. கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதில் அவருடைய வியர்வை வாசம் இருந்தது.

"இல்லை," என்றாள். "இவர் இல்லை."

"அப்புறம் ஏன் இவனையே பாத்தே?"

"முதுகு அவற்ற முதுகு மாதிரி இருந்தது. கிட்டப் பாக்க ஆள் வேற."

துபாஷி அதிகாரியிடம் ஏதோ சொன்னான். அதிகாரி கொட்டாவி விட்டான். பாஸ் அவள் காலடியில் வந்து விழுந்தது.

"வேற லாரியில இருப்பான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு," என்றான் துபாஷி.

ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். கதிர்காமநாதன் லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறினார். ஏறும்போது கால் வழுக்கியது, யாரோ கைகொடுத்தார்கள். அவள் ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. அழவும் முடியாது. வேறு ஒருத்தியின் புருஷனுக்கு அவள் ஏன் அழ வேண்டும்?

ஆனால் கூப்பிடலாம். துபாஷியே சொல்லிவிட்டான்.

"கதிர்காமநாதன்!" என்று கூப்பிட்டாள். வேறு யாரையோ தேடுகிறவள் போல முதல் லாரியைப் பார்த்துக் கூப்பிட்டாள், கடைசி லாரியைப் பார்த்துக் கூப்பிட்டாள். இரண்டாவது லாரியை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதையும், துணிக்கு ஆசைப்பட்டேனே, என்னை மன்னியுங்கோ என்பதையும், திரும்பி வாருங்கோ என்பதையும் அந்த ஒரு பெயரில் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணமான நாள் முதல் சொல்லாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் தொண்டை கிழியச் சொன்னாள்.

லாரிகள் கிளம்பின. அவர் காதில் விழ வேண்டும், ஆனால் அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டே கூப்பிட்டாள். லாரி தெருமுனையில் மறையும் வரைக்கும் கூப்பிட்டாள்.

அவர் திரும்பவே இல்லை.